ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகடு வேயலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவார ஊர் ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை நான். எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. தார்சா, பட்டாசல், இரண்டு அறைகள், அடுக்களை எல்லாவற்றுக்கும் மங்களூர் ஓடு. பட்டாசலுக்கு மேல் மட்டும் பலகை மச்சு உண்டு. கூரை சுமார் 1,200 சதுர அடி இருக்கும். பனங்கைகளில் பாதி செல்லரித்துவிட்டன. குரங்குகள் உடைக்கும் ஓடுகளை மாற்ற ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஓட்டு வேலை தெரிந்த ஆளும் இப்போது கிடைப்பதில்லை. ஓட்டைப் பிரித்துவிட்டு உலோகத் தகடு போடலாம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். ஓட்டைப் போலவே செங்காவி நிறத்தில் கிடைக்கிறதாம். 'வீடு அடுப்பாகிவிடும்' என்கிறார் கொத்தனார். மழைச் சத்தத்தில் கண்ணயர முடியாது என்கிறார் மதினி. என்ன செய்யலாம்? பின்னால் இருக்கும் மாட்டுத் தொழுவுக்கும் சேர்த்தே போட்டுவிடலாமா?

பதில்: மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

தங்கள் வீட்டைப் பொறுத்தவரை மகன் சொல்வதையே நானும் சொல்வேன். கொத்தனாரும் மதினியும் சொல்வது பொய்யன்று. அவர்கள் பார்த்த தகட்டு வீடுகள் அப்படித்தான் இருந்திருக்கும். வெப்பமும் சத்தமும் தகட்டைப் போட்ட விதத்தால் வருபவை, ஆகவே இரண்டையும் பெருமளவு குறைத்துவிடலாம். ஆனால் மூவருமே சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அது காற்று. தங்கள் ஊரில் தகட்டுக் கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ பதினைந்து ஓடுகள், சுமார் 40 கிலோ எடை. தங்கள் 1,200 சதுர அடி என்பது 111 சதுர மீட்டர்; ஆக நாலரை டன்னை ஒட்டிய எடையை அந்தப் பனங்கைகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன, ஓடு மழையில் ஊறினால் இன்னும் கூடுதலாக. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, அதன் மடிப்புகளையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவைத் தாண்டாது. அதே கூரை அரை டன்னுக்குச் சற்று மேலாக நின்றுவிடும். செல்லரித்த மரத்துக்கும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவருக்கும் இது பெரிய ஆறுதல். தாங்கு சட்டங்களும் மெலிதாக இருக்கலாம். இரும்புச் சதுரக் குழாய்களைக் கொண்டே கூட்டை அமைத்துவிடலாம் என்பதால் செல்லுக்கு அங்கே தின்பதற்கு ஒன்றுமிராது. (அது நிலைக்கதவுகளைத் தேடிப் போகும் என்பதை மறந்துவிட வேண்டாம். கூரை வேலையோடு மண்ணுக்கும் மருந்து வையுங்கள்.) நல்ல மரத்தையாவது மிச்சம் வைத்து அதன் மேலேயே தகட்டை அடிக்கலாமே என்று ஆசாரி சொல்லக்கூடும். பாதி அரித்துவிட்ட கூரையில் மீதிப் பாதியை நம்புவது சரியன்று என்பது என் கருத்து.

இந்த இலேசுத்தன்மைதான் தகட்டின் முதல் நன்மை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் கூரையைச் சுவரோடு பிடித்து வைத்திருந்தது ஆணியோ போல்ட்டோ அன்று, ஓட்டின் எடை. அந்த நாலரை டன்னை இறக்கிய கணத்திலிருந்து கூரையைக் கீழே பிடித்துவைக்க வேறு ஏற்பாடு வேண்டும். தகடு போடுகிறவர்களில் பலர் இதை யோசிப்பதில்லை. கூரை என்றால் மேலிருந்து கீழே அழுத்துவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம்; சரிந்த கூரையின் மேல் காற்று வேகமாக ஓடும்போது அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, நமக்கு வடக்கே மதுரைக்கும் தெற்கே திருவனந்தபுரத்துக்கும் வகுத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். மற்றக் குணகங்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ அளவுக்கு விசை வருகிறது. தகட்டின் எடை ஐந்து கிலோ. மீதி அத்தனையையும் ஸ்குரூவும் சட்டமும் போல்ட்டும்தான் பிடித்தாக வேண்டும். தாழ்வாரத்தின் விளிம்பிலும், மூலைகளிலும், முகட்டை ஒட்டியும் உறிஞ்சல் இன்னும் கூடும். தார்சா முன்பக்கம் திறந்திருந்தால் அங்கே நுழையும் காற்று கீழிருந்தும் தகட்டைத் தூக்கும்.

ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. தகடு பறந்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் நானே நின்று போட்ட தகட்டை. தொழிலுக்கு வந்த புதிது. வள்ளியூர்ப் பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் ஒரு வீட்டின் முன்சாய்ப்பு. நடுப்பகுதியில் வைத்த அதே ஐந்தடி இடைவெளியிலேயே விளிம்புச் சட்டங்களையும் வைத்தேன். ஸ்குரூவும் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் மூன்று தகடுகள் கிளம்பிப் போய்ப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கிடந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஸ்குரூக்கள் அத்தனையும் சட்டத்தில் இறுகியபடியே நின்றன. ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் தகடு மட்டும் கிழிந்து, ஒரு ரூபாய்க் காசளவு துண்டு வாஷருக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்குரூ பலமாக இருந்து பயனில்லை, எண்ணிக்கை போதவில்லை. அந்தத் தகட்டை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

ஆகவே தங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இது. ஓட்டை இறக்கியபின் சுவரின் தலையில், வீட்டைச் சுற்றிலும், கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஒன்று ஓட வேண்டும். அந்தப் பெல்ட் சும்மா சுவர்மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆங்காங்கே சுவருக்குள் இரண்டு மூன்றடி ஆழத்துக்குக் கம்பி இறங்கிப் பிடித்திருக்க வேண்டும். பெல்ட்டில் முன்கூட்டியே பதித்த போல்ட்டுகளில்தான் கூரைக் கூட்டின் கால்கள் இறுகுகின்றன. சுவரை நேரில் பார்க்காமல் கம்பியின் அளவை எழுதுவது முறையாகாது; கட்டடப் பொறியாளர் ஒருவரை ஒருநாள் அழைத்துக் காட்டிவிடுங்கள். தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் நடுவில் நாலடிக்கு ஒன்று, தாழ்வாரத்திலும் முகட்டிலும் மூன்றடிக்கு ஒன்று என்று வைக்கலாம். கடைசிச் சட்டத்துக்கு வெளியே தகடு ஓரடிக்கு மேல் நீள வேண்டாம். நடுவில் ஸ்குரூ ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் இருந்தால் போதும். விளிம்புகளில் மட்டும் மேடுதோறும் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நூறு ஸ்குரூவின் விலையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்குரூ தகட்டின் மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் அன்று. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அதன் தலைக்கடியில் உள்ள கறுப்பு ரப்பர் வாஷரைக் கவனியுங்கள். சரியாக இறுகியிருந்தால் ரப்பர் உலோகக் கிண்ணத்தின் விளிம்பு வரை பிதுங்கி நிற்கும். விளிம்பைத் தாண்டி நசுங்கி வெளியே வந்திருந்தால் இரண்டு வெயிலில் வெடித்துவிடும். பிதுங்கவே இல்லையென்றால் முதல் மழையிலேயே சொட்டும். ஆறு மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு, விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே தன் வெப்பநிலை 40 டிகிரி மாறும்போது மூன்று மில்லிமீட்டர் அளவு நீண்டு சுருங்குகிறது. மாலையில் கூரை 'டக், டக்' என்று முனகுவது அதனால்தான். ஸ்குரூ நாள்பட நாள்படத் தளர்வதும் அதனால்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லா ஸ்குரூவையும் பார்த்து, ரப்பர் போனவற்றை மாற்றிவிட வேண்டும். ஓடு மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது ஒரு வேலையே அன்று.

வேலை நடக்கும்போது தாங்களே நின்று பார்க்கக்கூடியவை சில உண்டு. துளையிடும்போது தெறிக்கும் இரும்புத் தூளை அன்றன்று மாலையே மெல்லிய விளக்குமாறால் கூட்டிவிடச் சொல்லுங்கள். ஓர் இரவுப் பனியில் அது சிவந்து, புதுத் தகட்டில் துருப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை வெட்டச் சுழலும் கல் சக்கரத்தைப் போட்டால் நெருப்புப் பொறி பட்டு வெட்டிய ஓரத்துப் பூச்சு கருகும். கத்தரியால் வெட்டுவதே சரி. முகட்டிலும் சுவரோடு சேருமிடத்திலும் நம் கொத்தனார்கள் பழக்கத்தில் சிமெண்டுக் கலவையை அப்பிவிடுவார்கள். ஓட்டுக்கு அது பொருந்தும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சை ஈரச் சிமெண்டு தின்றுவிடும்; அங்கெல்லாம் மடித்த தகடுதான் மூட வேண்டும். தகட்டை முகடு முதல் தாழ்வாரம் வரை ஒரே நீளமாக அளவு கொடுத்து வாங்க முடியும் என்பதால் இடையில் ஒட்டு வராது, ஒழுக்கும் வராது. ஓட்டில் இது நடக்காத காரியம்.

இனி கொத்தனாரின் அடுப்பு. நம் சித்திரை வெயிலில் அடர்நிற வெறுந்தகடு கைவைக்க முடியாத சூட்டுக்குப் போவது உண்மை. அந்தச் சூடு வீட்டுக்குள் வரும் வழி பெரும்பாலும் கதிர்வீச்சு. ஆகவே முதலில் நிறம்: தங்கள் மகன் விரும்பும் செங்காவி பார்வைக்கு ஓட்டைப் போல் இருக்கும், ஆனால் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். நல்ல வெண்ணிறப் பூச்சு, புதிதாக இருக்கையில், வெயிலில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளை கண்ணைக் கூசுமென்றால் வெளிர்ச்சந்தன நிறத்தை எடுங்கள். பூச்சில்லாத பளபளத் தகட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வெயிலைத் திருப்புவது சரிதான், ஏறிய சூட்டை வெளியே விடுவதில்தான் கஞ்சத்தனம். அடுத்தது, தகட்டுக்கு அடியில் அலுமினிய உறையிட்ட குமிழி விரிப்பு. அதன் பளபளப்பான முகம் வெற்று இடைவெளியைப் பார்த்திருந்தால்தான் அது வேலை செய்யும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தால் கொடுத்த காசு வீண். மூன்றாவது காற்றோட்டம். ஓட்டுக் கூரை ஆயிரம் சந்துகளால் தானே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தகடு இறுக மூடுவது. இரு பக்கத்து முக்கோணச் சுவர்களிலும் முகட்டுக்குக் கீழே சன்னல் போன்ற திறப்புகளும், தாழ்வாரத்தை ஒட்டித் தாழ்வான திறப்புகளும் விட்டால் சூடேறிய காற்று மேலே வெளியேறும். மலையடிவாரமாதலால் எல்லாத் திறப்புக்கும் இரும்பு வலை அவசியம். மரநாய்க்கும் பாம்புக்கும் கூரைக்கடியைப் போல உகந்த இடம் வேறில்லை.

மச்சு இருக்கும் பட்டாசலுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மச்சே ஒரு குடை. மச்சு இல்லாத இரண்டு அறைகளுக்கும் இரு தகடுகளுக்கு நடுவே நுரை நிறைத்த பலகைகளை வேயலாம். 'பஃப் பேனல்' என்று கேட்டால் தெரியும். அடுக்களையில் விறகடுப்பு எரிகிறதென்றால் அதன் தலைக்கு மேல் நுரையும் குமிழி விரிப்பும் கூடாது. தீப்பிடிக்காத ராக்வூல் பஞ்சை வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தபின் நண்பகலில் தங்கள் வீடு ஓட்டு வீட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். ஆனால் கான்கிரீட் தளம் போட்டவர்கள் இரவு பதினொரு மணிக்கும் சுடும் தளத்தின்கீழ் புரண்டுகொண்டிருக்கையில், தகடு பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே ஆறிவிடும். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் அந்த எடையைத் தாங்காது என்பது வேறு விஷயம்.

மதினியிடம் சொல்லுங்கள்: மச்சும், விரிப்பும், நெருக்கமான ஸ்குரூவும் இருக்கும் கூரையில் மழை முரசு கொட்டாது, ஆனால் பெய்வது தெரியும். தென்மேற்குச் சாரல் கேட்கவே கேட்காது. ஐப்பசி அடைமழை கேட்கும். எனக்கு அது பிடிக்கும், அவருக்குப் பிடிக்குமா என்பது தெரியாது; அவர் படுக்கும் அறைக்கு நுரைப் பலகையை ஒதுக்கிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று கனம். '0.50' என்று கடையில் சொல்வது பூச்சையும் சேர்த்த கனமா, இரும்பின் கனம் மட்டுமா என்று தெளிவாகக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஏமாற்று நடப்பதும் அங்கேதான். 0.35 மலிவாகக் கிடைக்கும். அது சாய்ப்புக்குக்கூட வேண்டாம், ஆள் ஏறினால் மடங்கும், காற்றில் ஸ்குரூவைச் சுற்றிக் கிழியும். இரண்டாவது, துருவைத் தடுக்கும் உலோகப் பூச்சின் அளவு. கால்வால்யூம் எனப்படும் தகட்டின் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். 'ஏஇசட் 150' என்றால் இருபுறமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு என்று பொருள். வீட்டுக் கூரைக்கு அதற்குக் குறையக் கூடாது. நல்ல தயாரிப்பாளர்கள் இந்த விவரத்தைத் தகட்டின் அடிப்பக்கத்திலேயே வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அச்சே இல்லாத தகட்டை, கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வாங்காதீர்கள். விலையை நான் எழுதவில்லை. இரும்பு விலை மாதத்துக்கு ஒன்றாக இருக்கிறது. தங்கள் ஊர் கடலிலிருந்து வெகு தூரம் என்பதால் உப்புக்காற்றுக் கவலை இல்லை. உவரியிலிருந்தோ இடிந்தகரையிலிருந்தோ இதே கேள்வி வந்திருந்தால் அலுமினியத் தகட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

தகடு மின்னலை இழுக்கும் என்பது வெறும் பயம். ஆனாலும் கூரைக் கூட்டை நிலத்தோடு இணைத்துவிடுவது நல்லது. அதற்குத் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைதான் வேண்டும், செம்புக்கம்பி தகட்டைத் தொட்டால் தொட்ட இடம் அரிக்கும். மழைநீரைப் பொறுத்தவரை தகடு ஓட்டைவிட மேல். பாசி பிடிக்காது, உறிஞ்சாது. ஒரு மில்லிமீட்டர் மழைக்குத் தங்கள் கூரையில் 111 லிட்டர் விழும், அதில் சிறு பகுதிதான் வீணாகும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பேருக்குத் தோண்டிய குழி ஏதேனும் இருந்தால் அதைத் தூர்வாரிக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் ஓடும் நீர்ப்பாத்தியை மட்டும் சிக்கனமாகச் செய்யாதீர்கள்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் விநாடிக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அந்தப் பாத்தி வழியே இறங்க வேண்டும். சரிவுக்கு இரண்டாக நான்கு இறக்குக் குழாய்கள், நாலங்குல அகலத்தில், வைத்துவிடுங்கள். மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்தபின் தொடங்கினால், காற்றுக்காலம் வருமுன் எல்லாம் முடிந்துவிடும்.

தொழுவுக்குத் தகடு வேண்டாம். மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஆவி, அலுமினியம் கலந்த இந்தப் பூச்சை அடியிலிருந்து அரிக்கும். வீட்டின் மேல் நெடுங்காலம் நிற்கும் தகடு தொழுவின் மேல் சில ஆண்டுகளிலேயே பொத்தலாகிவிடக் காண்கிறோம். மாட்டுக்கும் அந்தச் சூடு ஆகாது. வீட்டிலிருந்து ஆயிரத்தைந்நூறு ஓடுகளுக்கு மேல் இறங்கும் அல்லவா? ஒவ்வொன்றையும் கையில் தூக்கி விரல்முட்டியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்பது நல்லது, மொத்தென்பது கண்ணுக்குத் தெரியாமல் விரிந்தது. தொழு இருபது சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முந்நூறு ஓடு போதும். மிஞ்சியதில் ஓர் ஐம்பதைத் தொழுவின் ஓரத்திலேயே அடுக்கி வையுங்கள். வீட்டுக் கூரையில் உடைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் குரங்குகள் அங்கேதான் வரும்.